மேட்டில் பின்னுக்கு உருளும் கார்கள்: இ-பாஸ் பக்கத்திலேயே சொல்லிவிடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சீசன் வந்துவிட்டால் குன்னூரிலும் ஊட்டியிலும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் படம் உங்கள் நாளிதழில் தவறாமல் வருகிறது. அந்த வரிசைக்குள்ளே அடிக்கடி நடக்கும் ஒரு சங்கதியைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. மேட்டில் நிற்கும் கார் கொஞ்சம் பின்னுக்கு உருண்டு, பின்னால் நிற்கும் காரின் பம்பரில் இடித்துவிடும். யாருக்கும் அடிபடாது, செய்தியாகவும் வராது. ஆனால் இடி வாங்கியவரே பணத்தையும் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து போகிறார். எனக்கு அதுதான் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே எடுக்கவேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் பக்கத்திலேயே, மேட்டில் வண்டி எடுப்பது எப்படி என்று சொல்லிவிடலாமே என்பதுதான் என் கோரிக்கை.

நான் தபால் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து 2019ல் ஓய்வுபெற்றவள். எடப்பள்ளியில் வீடு. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு சின்னக் கார் வாங்கினேன். மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு என்று எங்கே போனாலும் நானே ஓட்டிக்கொண்டு போவேன்.

சென்ற மே மாதம், சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடந்துகொண்டிருந்த சமயம். கீழ்க் குன்னூரில் மளிகை வாங்கிக்கொண்டு மவுண்ட் ரோடு வழியாகப் பெட்போர்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். அந்த மேட்டை ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார். கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து. அதாவது, வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டிக்கொள்ளும் கார். உள்ளே கணவன், மனைவி, பின்சீட்டில் இரண்டு குழந்தைகள்.

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நின்றிருந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பக்கத்து சீட்டில் சாய்ந்த முட்டை அட்டையை அப்போது இரண்டு கையாலும் நிமிர்த்தி வைத்தேன். முன்னாலிருந்த காரின் சிவப்பு விளக்குகள் அணைந்தன. கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். கார் என் பக்கமாக வந்தது. ஹாரன் அடித்தேன். அதற்குள் டப் என்று ஒரு சத்தம். தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. முட்டை ஒன்றுகூட உடையவில்லை, அவ்வளவு மெதுவான இடி.

அந்த ஓட்டுநர் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். "என்ன மேடம், பாத்து வரக்கூடாதா? பின்னாடி வந்து இடிச்சுட்டீங்களே" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன், உங்கள் வண்டிதான் உருண்டு வந்தது என்றேன். "வண்டியில ரிவர்ஸ் லைட் எரிஞ்சுச்சா? நான் ரிவர்ஸே போடலையே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ரிவர்ஸ் கியர் போட்டால்தான் அந்த வெள்ளை விளக்கு எரியும். கிளட்சை மிதித்தபடி பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் தன் எடையிலேயே உருளும். ஒரு விளக்கும் எரியாது. எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கும் அணைந்துபோகும். பின்னால் இருப்பவர்களுக்கு அது கிளம்பப் போகும் கார் மாதிரியே தெரியும்.

பக்கத்துக் கார்களிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். இரண்டு பேரும் சமவெளியிலிருந்து வந்தவர்கள், நல்ல எண்ணத்தில்தான் வந்தார்கள். "பின்னாடி வண்டிதான் எப்பவும் பொறுப்பு மேடம், இடைவெளி விட்டுத்தானே நிக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விடுவது பின்னால் வருபவரின் கடமைதான். ஆனால் நிற்கும் கார்மேல் இன்னொரு கார் உருண்டு வந்து மோதுவதை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? மேட்டில் பின்னால் நிற்பவர்தான் கீழே நிற்பவர்.

அதற்குள் எங்களுக்குப் பின்னால் கோத்தகிரி போகும் அரசுப் பேருந்து நின்றுவிட்டது. அதன் பின்னால் எத்தனை வண்டிகள் என்று தெரியவில்லை, ஹாரன் சத்தம் வளைவுக்குக் கீழேயிருந்தும் கேட்டது. வேலை முடிந்து திரும்பும் தோட்டத் தொழிலாளப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பேருந்திலிருந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் நடக்கத் தொடங்கினார்கள். அதில் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள், அவளுக்கு முழங்கால் வலி. நடத்துநர் வந்து, "அம்மா, வண்டிய ஓரமாப் போட்டுட்டுப் பேசுங்கம்மா, அத்தனை பேரும் நிக்கிறாங்க" என்றார். அந்த இளைஞர் ஐயாயிரம் ரூபாய் கேட்டார். நான் கைப்பையிலிருந்த இரண்டாயிரத்தைக் கொடுத்தேன். அவர் என் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பினார். இருபத்தைந்து நிமிடம் அந்தச் சாலையை அடைத்திருந்தோம்.

ரசீது இல்லாமல் அரசாங்கத்தின் ஒரு ரூபாயைக்கூட 34 ஆண்டுகள் கைமாற்றியவள் இல்லை நான். அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் இரண்டாயிரம் கொடுத்தேன். ஒரு போட்டோ எடுக்கவில்லை, அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனது ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து காரைப் பார்த்தேன். முன் பம்பரில் கையகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது, நம்பர் பலகை லேசாக மடங்கியிருந்தது. வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, இவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். நான் செய்த இரண்டாவது தவறு அது. வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும் ஒவ்வொரு வளைவிலும் இடது பக்கத்திலிருந்து சர்ர் என்று ஒரு உரசல். ஏதோ சருகு மாட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். பர்லியாரில் நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது உடம்பு நடுங்கிவிட்டது. பம்பரின் இடது முனை கழன்று உள்பக்கமாகச் சாய்ந்து டயரில் தேய்த்துக்கொண்டிருந்தது. டயரின் ஓரத்தில் கறுப்புத் தூள். பம்பர் இன்னும் கொஞ்சம் இறங்கி டயருக்கு அடியில் சிக்கியிருந்தால், அந்த வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. அங்கே பழக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் நைலான் கயிற்றால் பம்பரை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். மேற்கொண்டு இறங்க மனம் வரவில்லை. மெதுவாகக் குன்னூருக்கே திரும்பி, என் தம்பி மகனின் டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். "அத்தை, இடிச்ச அன்னைக்கே ஏன் கொண்டு வரலை?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து பார்த்ததில் பம்பரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இது. நாம் பம்பர் என்று சொல்வது வெறும் மேல்தோல். பெரும்பாலான கார்களில் அது பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக், கொஞ்சம் ரப்பர்த்தன்மை கலந்தது. கழற்றித் திருப்பிப் பார்த்தால் உள்பக்கத்தில் அதன் பெயரே அச்சாகியிருக்கிறது. இடிபட்டால் அது உள்ளே போய்விட்டு, பெரும்பாலும் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பி வந்துவிடும். அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. மேல்தோல் திரும்பி வந்தாலும், அதைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப்புகளும் பக்கவாட்டு பிராக்கெட்டும் உடைந்தால் உடைந்ததுதான். என் காரில் இடது பிராக்கெட் இரண்டாக உடைந்திருந்தது, நான்கு கிளிப்புகளைக் காணோம். பத்து நாளும் பம்பர் பழக்கத்தில் நின்றிருக்கிறது. குழிமேடான சாலையில் ஆடி ஆடிக் கடைசியில் கழன்றிருக்கிறது.

மேல்தோலுக்குப் பின்னால் கார்களைப் பொறுத்து நுரை அட்டை, இரும்புப் பட்டை என்று அதிர்ச்சியைத் தாங்கும் பாகங்கள் இருக்கும். அதற்கும் பின்னால், விரல் நீள இடைவெளியில், ஏசியின் கண்டென்சரும் ரேடியேட்டரும். தம்பி மகன் முதலில் டார்ச் அடித்துப் பார்த்தது அந்த ரேடியேட்டரைத்தான். அதில் சின்னக் கசிவு இருந்தாலும் சமவெளியில் சில நாள் தெரியாமல் ஓடிவிடும். மலையேற்றத்தில் முதல் இரண்டு கியரில் முக்கி ஏறும்போது இன்ஜின் சூடேறி நின்றுவிடும். நல்லவேளை, என் காரில் அது தப்பித்திருந்தது.

ஆகவே பம்பரில் யாராவது இடித்தால், அது எவ்வளவு மெதுவான இடியாக இருந்தாலும், காரை ஓரம் கட்டியதும் குனிந்து இதையெல்லாம் பாருங்கள். பம்பரின் இரு முனைகளையும் கையால் லேசாக இழுத்துப் பாருங்கள், அசைந்தால் கிளிப் போயிருக்கிறது. முன் மட்கார்டும் பம்பரும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து டயரில் எதுவும் தொடுகிறதா என்று பாருங்கள். பானெட் சரியாக மூடித் திறக்க வேண்டும். அடியில் ஏதாவது சொட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்; ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நிறம் இருக்காது, ரேடியேட்டர் கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ பிசுபிசுப்பாக இருக்கும். பின்னால் இடிபட்டிருந்தால் டிக்கி பூட்டு, விளக்குகள், பார்க்கிங் சென்சார். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததால் நான் 14 வளைவுகளில் பாதிக்கு மேல் அந்த உரசலோடு இறங்கினேன்.

பழுது பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பம்பர் இடிபட்டால் புதிதாக மாற்றியே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே அமுங்கியிருந்த இடத்தில் அவன் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து கையுறையோடு தள்ளினான். பிளாஸ்டிக் இளகி வெளியே வந்துவிட்டது. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதுவே போதுமாம். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் இதே இடி விழுந்திருந்தால் குளிரில் விறைத்த பிளாஸ்டிக் அமுங்காமல் வெடித்திருக்கும் என்றான். கீழ் ஓரத்தில் நாலு விரல் நீளம் விரிசல் இருந்தது. சூடேற்றிய கம்பி ஊசிகளை உள்பக்கத்தில் பதித்து, தையல் போட்டது போல இணைத்தான். ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்ட்டில் பாதி, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்ததிலேயே போய்விட்டது. அது என் காரின் கீறல் இல்லை, அடுத்த காரின் பெயின்ட் என் பம்பரில் ஏறியது. வீட்டில் தின்னர் போட்டுத் துடைக்கவே கூடாதாம், நம் பெயின்ட்டும் சேர்ந்து கரைந்துவிடும். மீதியைப் பட்டி பார்த்து, பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்தான். அந்தப் பிரைமர் இல்லாமல் அடித்தால் ஆறு மாதத்தில் தோல் உரிவது போல உரிந்துவிடும். பெயின்ட் அடிக்க மட்டும் ஒரு நாள் காத்திருந்தோம், மூடுபனி இறங்கியிருந்தது. காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் பெயின்ட் வெளிறிப்போகுமாம். பிராக்கெட் 350 ரூபாய், ஒரு டஜன் கிளிப் 180, தையலும் பெயின்ட்டும் 2,900. ஆக மொத்தம் 3,430 ரூபாய். அத்தையென்று குறைக்கவேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இன்சூரன்ஸில் வாங்கியிருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கவுன்டரில் உட்கார்ந்த பழக்கம், காகிதத்தில் எழுதிப் பார்க்காமல் விடமாட்டேன். புதுப் பம்பர் 3,800, பெயின்ட் 3,500 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள், பெயின்ட்டில் பொருள் செலவாகக் கணக்கிடும் பகுதியிலும் பாதி கழியும். 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு முதல் ஆயிரம் ரூபாய் எப்போதும் நம் தலையில். எல்லாம் போகக் கைக்கு வருவது நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஐந்து ஆண்டுகள் ஒரு கிளெய்மும் வாங்காததால் எனக்கு 50 சதவீத போனஸ் தள்ளுபடி இருக்கிறது. ஒரு கிளெய்ம் வாங்கினால் அது பூஜ்யமாகிவிடும்; பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொட ஐந்து ஆண்டுகள். தள்ளுபடிக்கு முந்தைய என் பிரீமியம் ஆறாயிரம் அப்படியே மாறாது என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து ஆண்டுகளில் நான் இழப்பது 7,500 ரூபாய். நான்காயிரம் வாங்க ஏழாயிரத்து ஐந்நூறு கொடுப்பதா? தேய்மானம் கழிக்காத பாலிசியோ, போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்போ எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. விளக்கு, ரேடியேட்டர் வரை போயிருந்தாலும் வேறு. அப்போது தயங்காமல் கிளெய்ம் வாங்க வேண்டும். காரை ஒர்க்‌ஷாப்பில் கழற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

இடித்தவரின் இன்சூரன்ஸிலிருந்து வாங்க வழி இல்லையா என்றால், சட்டத்தில் இருக்கிறது. அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் பம்பர் வேலைக்காக யார் போவார்கள்? அதனால்தான் எல்லாம் சாலையிலேயே, குரல் உயர்ந்தவர் பக்கம் தீர்ந்துவிடுகிறது. அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால், அந்த இடத்தில் போலீஸ் இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஓட்டுநர் தகவல் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு அடிபட்டவர்களுக்கு மட்டும் என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

இதற்கிடையில் அந்த இளைஞர் எனக்குப் போன் செய்தார். வாடகைக் கம்பெனியில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது பின் சென்சார் வேலை செய்யவில்லை என்று அவருடைய டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்களாம், இன்னும் நான்காயிரம் அனுப்ப வேண்டுமாம். அவர் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. மவுண்ட் ரோட்டில் ஏன் அப்படிக் கத்தினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சொந்தக் கார் இல்லை, டெபாசிட் பணம் போய்விடும், பின்சீட்டில் குழந்தைகள். தான் உருண்டதை அவர் உணரவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். முன்னால் இருக்கும் வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, கார் ஒரு மீட்டர் பின்னால் போனது சட்டென்று தெரியாது. அந்த மாதிரி மேட்டில் ஒரு மீட்டர் உருண்டாலே மனிதர் நடக்கும் வேகம் வந்துவிடும், பம்பர் பிராக்கெட்டை உடைக்க அது போதும்.

தம்பி மகன் மவுண்ட் ரோட்டில் கடை கடையாகப் போய்க் கேட்டான். ஒரு கடைக்காரர் வாசல் காமிராவில் அது பதிவாகியிருந்தது, அதிர்ஷ்டவசமாக அழியாமல். சிவப்பு விளக்கு அணைவதும், கார் பின்னால் வருவதும், என் கார் அசையாமல் நிற்பதும் பன்னிரண்டு நொடிப் படத்தில் தெளிவாக இருந்தன. அதை அந்த இளைஞருக்கு அனுப்பினேன். "பார்த்தேன் மேடம்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு போன் வரவில்லை. இரண்டாயிரமும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

என் காரின் பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டிவிடச் சொல்லி அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னார்கள். கூடாது. கார்களில் அந்தக் கம்பிகளை மாட்டுவது சட்டவிரோதம் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நுரையும் பிளாஸ்டிக்கும் வாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்ச்சியை அது நேராகச் சட்டகத்துக்குக் கொண்டுபோகும். நடந்து போகிறவர் மேல் பட்டால் கால் எலும்பு முறியும். மவுண்ட் ரோட்டில் நடந்து ஏறுகிறவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

இனி என் கோரிக்கை. 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அதாவது மலையேறும் ஒவ்வொரு வெளியூர் ஓட்டுநரும் கிளம்புவதற்கு முன்பே அரசாங்கத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். இதைவிட நல்ல வாய்ப்பு எங்கே கிடைக்கும்? பாஸ் கைக்கு வரும் அந்தப் பக்கத்திலேயே மேட்டில் வண்டி எடுப்பது எப்படி என்று பத்து வரி போடட்டும். கல்லாறு போன்ற சோதனை இடங்களில் அதையே துண்டுச் சீட்டாகவும் கொடுக்கட்டும். மாவட்ட நிர்வாகத்துக்கும் இதே விவரத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், ஒப்புகையும் வந்துவிட்டது.

அந்தப் பத்து வரி எப்படி இருக்கவேண்டும் என்று நான் எழுதியதை இங்கே தருகிறேன். தம்பி மகனும், குன்னூர் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டும் அவன் நண்பர்கள் இருவரும் திருத்தித் தந்தது.

"மேட்டில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். கிளம்பும்போது முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் சத்தம் தாழ்ந்து வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கும். அந்த இடத்தில் காலை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் காரும் மேட்டில் பின்னுக்கு உருளக்கூடும். மேட்டில் பிடித்து நிறுத்தும் வசதி உள்ள காரும் இரண்டு மூன்று நொடிதான் பிடிக்கும். முன்னால் நிற்கும் காரின் பின் டயர்கள் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டு நில்லுங்கள். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். பம்பர் உரசினால், யாருக்கும் அடிபடவில்லை என்று பார்த்துவிட்டு, இரண்டு வண்டிகளும் நம்பர் பலகைகளும் சாலையின் மேடும் தெரிய நான்கு போட்டோ எடுங்கள், உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள், பிறகு பேசுங்கள். பணம் கைமாறினால் தேதி, வண்டி எண்கள், தொகை, இதோடு முடிந்தது என்ற வரி, இரண்டு கையெழுத்து, இவ்வளவும் ஒரு தாளில் வேண்டும்."

கடைசி வரி நான் சேர்த்தது. டாக்சிக்காரர்கள் அது தேவையில்லை என்றார்கள், நான் எடுக்க மறுத்துவிட்டேன்.

போட்டோ எடுத்துவிட்டு நகரச் சொன்னால் தவறு யாருடையது என்று தெரியாமல் போய்விடும் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். நகராமல் நின்ற இருபத்தைந்து நிமிடத்தில் எனக்கு என்ன தெரிந்துவிட்டது? நியாயத்தைச் சொன்னது ஒரு காமிராதான். கையில் இருக்கும் செல்போனும் காமிராதானே. இடிபட்ட இடத்தின் உயரத்தைக்கூட அதில் பிடித்துவிடலாம். வேகமாக வந்து பிரேக் அடிக்கும் காரின் மூக்கு தாழும், அதன் தழும்பு முன்வண்டியில் கீழே விழும். நின்ற காரில் உருண்டு வந்து பட்டால் பம்பரும் பம்பரும் நேருக்கு நேர் படும். என் பம்பரைப் பார்த்ததுமே தம்பி மகன் அதைத்தான் சொன்னான்.

கோடை சீசன் ஏப்ரலில் தொடங்கிவிடும். அதற்குள் இ-பாஸ் பக்கத்தில் இது வருமோ வராதோ, உங்கள் நீலகிரிப் பதிப்பில் அந்தப் பத்து வரிகளை மட்டும் ஒரு கட்டம் கட்டி வெளியிடுங்கள். வெட்டி எடுத்து நகல் போட்டு மவுண்ட் ரோடு முழுக்க ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் காமிராக் கடைக்காரர் தன் கண்ணாடிக் கதவில் இப்போதே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
எடப்பள்ளி, குன்னூர்.